திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் கல்லிற் கிடந்த பதிகமும்

சமயகுரவர் நால்வருள்ளே முதற்கண் வைத்து வணங்கப்படுபவராகிய திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருடைய சரித்திரம் சைவபாடசாலை ஆசிரியர்களுக்குப் புதிதன்று. ஞானப்பாலுண்டதும், பொற்றாளம் பெற்றதும், முத்துச்சிவிகை ஏறியதும், எலும்பைப் பெண்ணாக்கியதும் நம் பிள்ளைகள் கீழ்வகுப்பிலேயே ஒப்பிக்கும் கதைகளாம். வைகாசி மூலத்திலே குருபூசை நிகழும் இடங்களிலெல்லாம் இவற்றையே கேட்கின்றோம். அற்புதங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் சொல்லும் வழக்கத்தினாலே அச்சரித்திரத்தின் மற்றொரு பக்கம் மறைபட்டு நிற்கின்றது. நாயனார் பாடினார், பாடியதை ஒருவர் யாழிலே இட்டு இசைத்தார், ஒருவர் ஏட்டிலே எழுதினார், எழுதியவற்றுட் பெரும்பகுதி அழிந்தது, அழிந்தனபோக எஞ்சியனவே நாம் ஓதுந் தேவாரம். அத்தேவாரத்தினும் இடம்பெறாது விடுபட்டுக் கிடந்த பதிகமொன்று, 1917ஆம் ஆண்டிலே, சோழநாட்டுச் சிற்றூரொன்றின் கோயிற் கல்லிலே கண்டெடுக்கப்பட்டது. அதனை மனத்துட்கொண்டு நாயனார் சரித்திரத்தை மீள நோக்குவார்க்கு முன்பு கவனியாது சென்ற பல செய்திகள் புலப்படும்.

நாயனார் அவதரித்தருளியது சோழநாட்டுச் சீகாழியிலே, கவுணிய கோத்திரத்துச் சிவபாதவிருதயருக்கும் பகவதியாருக்கும் புத்திரராக. காலம் கி. பி. 7ஆம் நூற்றாண்டு. 642ஆம் ஆண்டு நிகழ்ந்த வாதாபிப் போரிற் சேனை நடத்திய பரஞ்சோதியார் பின்பு சிறுத்தொண்டராகித் திருச்செங்காட்டங்குடியிலிருந்தபோது, நாயனார் அவரைக் கண்டு அளவளாவினார் என்பதே அக்காலத்தை உறுதிசெய்யும் சான்றுகளுள் ஒன்று. மூன்றாவது வயதிலே பிரமதீர்த்தக் கரையிலே உமாதேவியார் ஊட்டிய ஞானப்பாலை உண்டு, கையாற் சுட்டிக்காட்டி முதற்பதிகத்தைப் பாடினார். அடுத்துச் சென்ற தலம் திருக்கோலக்கா. அங்கே சிறு கைகளாற் றாளமிட்டுப் பாடக்கண்ட இறைவர் பொற்றாளம் அருளினார். இந்நிகழ்ச்சியைச் சிறுவர்க்கு இரக்கந்தோன்றச் சொல்லுதல் நல்லதே. ஆயின் ஆசிரியர் மற்றொன்றையுங் குறித்துக்கொள்ளல் வேண்டும். நாயனாருக்கு முதற்கண் அருளப்பட்ட பொருள் ஓர் இசைக்கருவி. வாகனமும் குடையும் பின்பு வந்தன.

பொற்றாளம் பெற்றபின் நெடுநாட் செல்லவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் சீகாழிக்கு வந்தார். அவருடைய ஊர் நடுநாட்டிலுள்ள திருஎருக்கத்தம்புலியூர். இக்காலத்தார் இராசேந்திரபட்டினம் என வழங்குவர். மனைவியார் மதங்கசூளாமணியார் பாடுவார். கணவர் யாழ் வாசிப்பார். இருவரும் தலந்தோறுஞ் சென்று பாடிவந்தவர்கள். பாணர்குலத்தவராதலின் கோயில்களுள்ளே புகாது வாயிலில் நின்றே பாடும் நிலையினர். மதுரையிலே இறைவர் அவரை உள்ளே அழைப்பித்து, யாழ் ஈரந்தாக்கி நரம்பு தளராதிருத்தற்பொருட்டுப் பொற்பலகை இடுவித்தார் என்றும், திருவாரூரிலே அவர்பொருட்டு வேறு வாயில் வகுத்தருளினார் என்றும் சேக்கிழார் கூறுவர். அத்தகைய பெரியவர், யாழிற் கைதேர்ந்து ஊரூராய்ப் புகழ்பெற்றவர், ஒரு பாலகனுடைய பாட்டைக் கேட்டற்பொருட்டுச் சீகாழி வந்து பணிந்தார். நாயனார் அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்று, திருமுற்றத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார். யாழ்ப்பாணர் வேண்டிக்கொண்டது ஒன்றே: பாடியருளும் பதிகங்களையெல்லாம் உடனிருந்து யாழிலிட்டு வாசிக்க அனுமதி தரல்வேண்டும் என்பது. அன்றுதொட்டு நல்லூர்ப் பெருமணம்வரையும் அவரும் அவர் மனைவியாரும் நாயனாரை விட்டு நீங்கவில்லை.

நாயனாருடைய யாத்திரை இவ்வாறு ஒரு பாடற்கூட்டத்தின் யாத்திரையாயிற்று. அவர் பாட, யாழ் தொடர, மதங்கசூளாமணியார் மிடற்றிசையும் உடன்செல்ல, அடியார்கள் பின்வந்தனர். ஓர் ஊரிற் பாடிய பதிகம் அவ்வூரிலே தங்கும். கூட்டம் அடுத்த ஊருக்குச் செல்லும். இதனை ஆசிரியர்கள் மறவாதிருப்பாராக. திருவிடைவாய்ப் பதிகத்தின் விதி இதனுள்ளே அடங்கியிருக்கின்றது.

திருச்சாத்தமங்கையில் நடந்ததை நம் நூல்கள் இரண்டு வரியிற் கூறி மேற்செல்கின்றன. திருநீலநக்க நாயனார் அந்தணர், வேள்வி செய்பவர். நாயனார் அவர் மனையில் எழுந்தருளியிருந்தபோது, யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இரவு தங்க இடங்கொடுக்கும்படி கேட்டார். நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேதிகையின் பக்கத்திலே இடங்கொடுத்தார். அப்பொழுது வேதியில் அறாத தீ வலஞ்சுழித்து ஓங்கியது. யாழ்ப்பாணரும் மனைவியாரும் அத்தீயின் அருகே துயின்றனர். இன்னாரை இன்ன இடத்தில் வைக்கவேண்டுமென்று உலகம் வகுத்த ஒழுங்கு அவ்விரவிலே பாட்டின்முன் தோற்றது. இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாது விடும் பாடசாலை, நாயனாரை அரைப்பங்கே காட்டுகின்றது என்பது எம் கருத்து.

திருத்தருமபுரத்தில் நிகழ்ந்தது இதனினும் நுண்ணியது. அது யாழ்ப்பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்குள்ள சுற்றத்தார், பெருமை மிகுதியால், யாழ்ப்பாணர் வாசிப்பதனாலேயே பதிகங்கள் உலகெங்கும் பரவுகின்றன என்று சொல்லினர். யாழ்ப்பாணர் அதுகேட்டு நடுங்கி, நாயனாரை வணங்கி, யாழில் அடங்காத பதிகமொன்று பாடி அவர்கள் அறியாமையைப் போக்கவேண்டும் என்று விண்ணப்பஞ் செய்தார். நாயனார் பாடியருளினார். யாழ்ப்பாணர் வாசிக்க முயன்றார். இசை நரம்பில் அடங்கவில்லை. இக்கருவியாலன்றோ இப்பழி வந்தது என்று அதனை உடைக்க ஓங்கினார். நாயனார் தடுத்து, யாழை வாங்கி, இறைவர் பெருமை முழுதும் ஒரு கருவியில் அடங்குமோ, அடங்கும் அளவில் வாசித்தலே தகும் என்று தேற்றி மீளக் கையிற் கொடுத்தார். அப்பதிகமே யாழ்மூரி எனப்படுவது. இக்காலத்து ஓதுவார்கள் அதனை அடாணா இராகத்திற் பாடுவர். துணைவருடைய கலையை அடக்கிவிட்டோம் என்னும் மகிழ்ச்சியோடு நாயனார் அங்கு நின்றாரல்லர். கருவியைக் காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தார். அவ்யாழ் அன்று முறிந்திருந்தால், பின்னே சொல்லப்போகும் பண்ணடைவுச் செய்தியும் வேறு விதமாயிருக்கும்.

திருப்பாச்சிலாச்சிராமம், திருமருகல், திருவீழிமிழலை முதலிய தலங்களில் நிகழ்ந்தவற்றையும், அப்பமூர்த்திகளோடு கூடித் திருமறைக்காட்டிற் கதவந்திறப்பித்து அடைப்பித்ததையும் யாவரும் அறிவர். மதுரைச் சரித்திரமும் அத்தன்மையதே. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வேண்டி அழைத்ததும், பாண்டியன் வெப்புநோய் தீர்ந்ததும் பலமுறை எழுதப்பட்டன. எமது நோக்கத்துக்கு உரியது அங்கு நடந்த வாதங்களின் கருவி. அனல்வாதத்தில் நெருப்பிலிடப்பட்டது, திருமுறைக் கட்டை அவிழ்த்துக் கயிறு சாத்தியபோது நேர்பட்ட திருநள்ளாற்றுப் பதிக ஏடு, அது வேகவில்லை. புனல்வாதத்தில் வைகையில் விடப்பட்டதும் ஏடே. அது நீரை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் நின்றது. குலச்சிறையார் குதிரைமேற் றொடர்ந்து சென்று அதனை எடுத்துவந்தார். ஆகவே நாயனார் மதுரைக்கு எழுந்தருளியபோதே அவர் பதிகங்கள் ஏடுகளாய்க் கட்டப்பட்டு உடன் கொண்டுசெல்லப்பட்டன என்பது பெறப்படும். மதுரையினின்று மீண்டபின், போதிமங்கைக்கு அணித்தே புத்தநந்தியோடு நிகழ்ந்த சரிதத்திற் காணப்படுபவர் சம்பந்தசரணாலயர். அவர் நாயனார் திருவாய்மலர்வதை உடனுக்குடன் எழுதுந் தொண்டு பூண்டவர். யாழ்ப்பாணரை அறிந்த அளவு இவரை நம்மவர் அறியார். எழுதினவர் எப்பொழுதும் மறக்கப்படுகின்றார் போலும்.

பாண்டிநாட்டில் இருந்த காலத்திலே நாயனார் இராமேச்சரத்தினின்று கடலை நோக்கி ஈழநாட்டுத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியருளினார். அவ்விரண்டு கோயில்களையும் போர்த்துக்கேயர் பின்னாளில் இடித்தனர். இடம் தூர்ந்து காடாயிற்று. பதிகமோ நம்மவர் நாவிலிருந்தது. 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அவர்கள் திருக்கேதீச்சரத்தை நினைப்பூட்டி எழுதியபோது, அவ்வாலயத்தை அறிவிக்கும் முதற்சான்று தேவாரமாகவே நின்றது. கோயில் போயினும் பாட்டு நின்ற வகை இது. திருவிடைவாயில் நேர்ந்தது இதற்கு மறுதலை: அங்கே கோயில் நின்றது, பாட்டு ஏட்டினின்று போயிற்று.

சென்னை மயிலாப்பூரிலே பூம்பாவையை எழுப்பியபின் நாயனார் சீகாழிக்கு மீண்டார். பதினாறாவது வயதிலே, திருநல்லூர்ப்பெருமணத்தில், நம்பாண்டார்நம்பியின் புதல்வியாரை மணஞ்செய்விக்கப் பெரியோர் ஏற்படுத்தினர். திருநீலநக்கரே மணச்சடங்கு நடத்தினார். தீவலஞ் செய்யுங்காலத்து நாயனார் இறைவர் திருவடி சேர்தலையே விழைந்து பாட, கோயில் சோதிவடிவாயிற்று; அச்சோதியில் வந்திருந்தாரெல்லாரையும் புகுவித்துத் தாமும் புக்கார். புக்கவருள் நீலநக்கரும் முருகநாயனாரும் யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும் இருந்தனர். பாடினவரும், இசைத்தவரும் ஒருங்கே மறைந்தனர். எஞ்சியவை ஏடுகளும், ஊரூராய்ப் பாட்டைக் கேட்டிருந்த மாந்தரும்.

இவ்விடத்தே நாயனாருடைய சரித்திரம் முற்றிற்று என்று நூல்கள் நிறுத்தும். பாட்டின் சரித்திரம் இங்கே தொடங்குகின்றது.

நாயனார் பாடிய பதிகம் பதினாறாயிரம் என்பது வழக்கு. அத்தொகையை எழுத்துப்படி கொள்ளவேண்டுமோ மிகுதி குறித்ததாகக் கொள்ளவேண்டுமோ என்பது அவரவர் துணிவு. முந்நூறு ஆண்டுகளுக்குமேற் கழிந்தபின், 985 முதல் 1014 வரை அரசாண்ட முதலாம் இராசராசசோழர் காலத்திலே, திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, பொல்லாப்பிள்ளையார் திருவருளினாலே, சிதம்பரத்திற் கோயிலின் மேற்புறத்து அறையொன்றில் மூவர் கையடையாளத்தோடு ஏடுகள் காப்பிலிருப்பதை அறிந்து அரசருக்கு அறிவித்தார் என்று திருமுறைகண்டபுராணங் கூறும். மூவரும் வந்தாலன்றிக் கதவந்திறவோம் என்று தில்லைவாழந்தணர் கூற, அரசர் மூவருடைய திருவுருவங்களையும் எழுந்தருளுவித்துத் திறப்பித்தார். உள்ளே கண்டது புற்று. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தவை சிலவே. நெருப்பு எரிக்காத ஏட்டையும் நீர் அடித்துச் செல்லாத ஏட்டையும் செல்லு அரித்தது. இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை வைத்து எஞ்சியவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்று அசரீரி எழுந்ததாகப் புராணம் அரசர் துயரை ஆற்றுகின்றது.

ஏடு கிடைத்தது, இசை கிடைக்கவில்லை. பண் இன்னதென்று சொல்வாரில்லாமையால், நம்பிகளும் அரசரும் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று இறைவரை வேண்ட, யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி இருப்பது அறிவிக்கப்பட்டது. அவளைக்கொண்டே பதிகங்களுக்குப் பண்ணடைவு வகுக்கப்பட்டது. அவளுடைய பெயரைப் புராணம் கூறவில்லை. நாம் இன்று ஓதுந் தேவாரத்தின் இசை வகுப்பு முழுவதும் அப்பெண்ணின் மிடற்றின்வழி வந்ததாகும்.

இராசராசர் அவ்வளவில் நிற்கவில்லை. தஞ்சைப் பெரியகோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும், ஆக 50 பேரை ஏற்படுத்தி, ஒருவருக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் கொடுக்கக் கல்லில் வெட்டுவித்தார். அதற்கு முன்னரே பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலும் திருப்பதியம் பாடுவார் குறிக்கப்பட்டுள்ளனர். ஆகவே ஏடுகள் சிதம்பரத்து அறையிற் கிடந்த காலத்தும் ஊர்க்கோயில்களில் ஓதுவார் சிலர் தத்தம் ஊர்ப் பதிகத்தைப் பாடிவந்தனர் என்பது கல்வெட்டாற் றெளிவு. இது சிறிய செய்தியன்று. முழுத்தொகுதியை ஓரிடத்திலே சேர்த்துக் காத்தல் ஒருவகை. ஓரூரார் தம் பாட்டைத் தாமே காத்தல் மற்றொருவகை. முன்னதைச் செல்லு அரித்த இடத்திலே பின்னது கைகொடுத்தல் கூடும்.

இனி எண்ணிக்கை. நம்பிகள் தொகுத்த சம்பந்தர் பதிகம் 384 என்று திருமுறைகண்டபுராணம் வகுத்துரைக்கின்றது. அச்சேறிய தேவாரத்தில் உள்ளனவோ முதற்றிருமுறையில் 136, இரண்டாந் திருமுறையில் 122, மூன்றாந் திருமுறையில் 125, ஆக 383. ஒன்று குறைகின்றது. இந்த ஒன்றைக் குறித்து எவரும் பெரிதுங் கவலைப்பட்டதாகத் தோன்றவில்லை. எழுதுவோர் பிழை என்றோ, ஒரு பதிகத்தை இரண்டாக எண்ணியது என்றோ அமைந்திருப்பர். யாழ்ப்பாணத்துச் சுவாமிநாத பண்டிதர் 1911இல் தேவாரத்தைத் தலமுறையாகப் பதிப்பித்தபோதும், இடைவாய் என்னுந் தலத்துக்கு அதில் இடமில்லை. தலத்தை அடுத்துப் பாட்டை வைத்த அப்பதிப்பிலே, பாட்டில்லாத தலம் இடம்பெறுவதெங்ஙனம்?

ஆறாண்டுகள் கழிந்தபின், 1917இல், தஞ்சை மாவட்டமாயிருந்து இக்காலத்துத் திருவாரூர் மாவட்டத்தில் அடங்கிய அவ்வூர்க் கோயிலிலே, கல்வெட்டுக்கள் படியெடுக்கப்பட்டன. படியெடுத்தல் எங்ஙனம் என்பதை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கல்லைக் கழுவித் துலக்கி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் எழுத்துப் பள்ளங்களில் இறங்கும்படி அடித்து, மையொற்றி எடுப்பர். எழுத்து வெண்மையாகவும் கல்லின் மேற்றளம் கருமையாகவுந் தோன்றும். இவ்வாறு எடுக்கப்படுவன பெரும்பாலும் நிலம் விற்றதும், விளக்கெரிக்க ஆடு விட்டதும், நெல்லளந்ததும் ஆகிய செய்திகளே. பழைய கல்லெழுத்திற் புள்ளி இடுதல் அரிது. சீர் பிரித்தலும் அடி பிரித்தலும் இல்லை. எழுத்துக்கள் ஒருங்கே தொடர்ந்து ஓடும். ஆகவே கல்லில் இருப்பது பாட்டு என்பது வாய்விட்டுப் படித்தாலன்றி எளிதிற் புலப்படாது. அவ்வாறு படித்தபோது தெரிந்தது, பதினொரு திருப்பாட்டுக்களையுடைய ஒரு முழுப்பதிகம். இறுதிப்பாட்டிற் காழி ஞானசம்பந்தர் பெயர்.

அப்பதிகத்தின் பொருளைக் கூறுவோம். ஒவ்வொரு பாட்டின் முற்பாதியும் இறைவரைக் கூறும்; பிற்பாதி ஊரைக் கூறும்; ஊர்ப்பெயரோடு பாட்டு முடியும். மான்கன்றைக் கையிலேந்தி உமையம்மையாரைப் பிரியாதிருக்கும் பெருமானுடைய ஊர், வண்டு தன் பெடையோடு மணமலரிலே துயிலும் ஊர் என்று தொடங்குகின்றது. இரண்டாம் பாட்டிலே கோடற்பூ பாம்பின் வாய்போல மலர்கின்றது. மூன்றாவதில் விரைந்துவரும் புனல் மணியையுஞ் சந்தனத்தையுங் கொண்டு இழிகின்றது. நான்காம் பாட்டு, காலனை உதைத்த வலிமையைக் கூறிய உடனே, மணமுள்ள நெற்கதிர்கள் வெண்சாமரைபோல வீச, அன்னங்கள் களித்திருக்கும் வயலைக் காட்டுகின்றது. யாவற்றினும் இப்பாட்டே எமக்கு இனியது. நெல்வயலை அறிந்த எந்தப் பிள்ளைக்கும் உரையின்றி விளங்கும். ஐந்தாவது மாளிகையுச்சிக் கொடிகள் வானத்தை அழைப்பதைக் கூறும். ஏழாவது முழுவதும் ஒலி: பூதகணம் பாட இறைவர் ஆடும் திருவடியொலி முற்பாதியிலும், ஊரிற் பயிலும் பாட்டொலி முழவொலி வேதவொலி மூன்றும் பிற்பாதியிலும் நிறைந்திருக்கின்றன. எட்டாவதில் இராவணனை நெரித்துப் பின் அவன் பாடலை உகந்தது; ஒன்பதாவதில் மாலும் அயனும் தேடியது; பத்தாவதிற் புறச்சமயத்தார்; பதினொன்றாவதிற் பெயரும் பயனும்.

தேவாரம் ஓதிப்பழகியவர் இவ்வொழுங்கை உடனே இனங்காண்பர். நாயனார் பதிகங்களில் எட்டாவது இராவணனுக்கும், ஒன்பதாவது அயன்மாலுக்கும், பத்தாவது சமணபுத்தருக்கும், இறுதி திருக்கடைக்காப்புக்கும் உரியனவென்பது சிறுபிள்ளையும் அறிந்தது. அதுவே ஐயத்துக்கும் இடமாயிற்று. இவ்வொழுங்கு யாவரும் அறிந்ததாதலின், பிற்காலத்தார் ஒருவர் தம் ஊரைப் பாடல்பெற்ற தலமாக்கும் விருப்பினால் இதனைப் பார்த்துப் பாடியிருத்தல் கூடாதோ என்று கேட்கலாம். கேட்பது தவறன்று. 384 என்னும் எண்ணும் முடிந்த சான்றாகாது. ஏனெனில் அதே புராணம் திருநாவுக்கரசர் பதிகங்களுக்குக் கூறும் 307 என்னும் எண், இக்காலத்து நமக்குக் கிடைத்துள்ள தொகையோடு ஒவ்வாது குறைந்து நிற்கின்றது.

எனினும், போலியாகப் பாடுவோன் பெரும்பாலும் ஊருக்குரிய தலபுராணக் கதையை நுழைப்பான். தீர்த்தத்தையும் தலவிருட்சத்தையும் பெயர்கூறிப் புகழ்வான். ஊர்க்கு வேண்டிய பெருமையைப் பதிகப்பயனிற் சேர்ப்பான். இப்பதிகத்தில் அவற்றுள் ஒன்றும் இல்லை. வழிப்போக்கர் கண்ட வயலும் நீரும் வண்டும் விழாவுமே உள்ளன. பயன்கூறுமிடத்தும் இதனை வல்லார் குற்றமற்றவராவர் என்பதோடு நின்றுவிடுகின்றது. ஓரூரில் ஒருநாட் டங்கி மறுநாள் அடுத்த ஊருக்குச் சென்ற பாடற்கூட்டத்தின் தன்மையே இதிற் காணப்படுகின்றது. அன்றியும், எண் ஒன்று குறைய நின்ற இடத்திலே, எண் ஒன்று உடையதாக இது வந்து பொருந்துகின்றது. இவ்விரண்டையுஞ் சேர்த்து நோக்குமிடத்து, நாயனார் வாக்கென்று கொள்ளுதலே தகுதி என்பது எம் துணிவு. பதிப்பாசிரியர்களும் அவ்வாறே கொண்டு, மூன்றாந் திருமுறையின் முடிவிலே 126ஆம் பதிகமாகச் சேர்த்தனர். பின்னர் திருக்கிளியன்னவூர்ப் பதிகமும் அதனை அடுத்துச் சேர்க்கப்பட்டது. பாடல்பெற்ற தலம் 274 என்று நாம் மனப்பாடஞ் செய்துவந்த எண்ணும், திருவிடைவாயைக் கூட்டி 275 என எண்ணப்படலாயிற்று.

அசரீரி கூறியபடி இக்காலத்துக்கு வேண்டியவை மாத்திரம் எஞ்சின என்றால், புதிதாய் ஒன்று வருவது அவ்வாக்குக்கு மாறன்றோ என்று சிலர் தயங்குவர். கல்லில் வெட்டியதைச் செல்லு அரிக்காதென்பது அவ்வசரீரியை அருளிய பெருமானுக்குத் தெரியாததன்று. வேண்டியவற்றுள் இதுவும் ஒன்றாயிருந்தது, வேறோரிடத்தில் வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

நூலிற் சேர்ந்ததனால் நாவிற் சேர்ந்துவிட்டது என்று எண்ணற்க. நம்மிடையே பழைய பதிப்புக்களையே வைத்து ஓதுங் குடும்பங்கள் பல. அவற்றில் இப்பதிகம் இல்லை. புதிய பதிப்புக்களிலும் இது திருமுறையின் கடைசியிலே நிற்றலால், வரிசையாக ஓதிவருவோர் அவ்வளவு தூரம் செல்வதில்லை. தேவாரத் திரட்டுக்களைத் தொகுப்போரோ முன்னைத் திரட்டைப் பார்த்தே பின்னைத் திரட்டைத் தொகுக்கின்றனர். பாடசாலைப் பண்ணிசைப் போட்டிகளிலே வழக்கமாக வருவன பத்துப் பன்னிரண்டு பதிகங்களே; அவை நல்ல பதிகங்கள்தாம்; ஆயினும் ஆண்டுதோறும் அவையே. மண்ணிலிருந்து எடுத்த பதிகத்தை ஏட்டிலே மீளப் புதைத்தலும் ஒருவகைப் புதைத்தலே.

கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புக்கள். பாட்டுக்கள் நான்கடியாய்ச் சிறியன. சொற்கள் பெரும்பாலும் எளியன. ஈற்றிலே ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வருவதனாற் பிள்ளைகளுக்கு மனத்திற் படியும். கீழ்வகுப்பினருக்கு முதற்பாட்டும் நான்காம் பாட்டும் போதும். மேல்வகுப்பினருக்கு ஏழாம் பாட்டைக் கொடுத்து, இறைவர் ஆட்டத்தின் ஒலியும் ஊரின் ஒலியும் எவ்வாறு எதிரெதிரே நிறுத்தப்பட்டுள்ளன என்று காணச் சொல்லலாம். எட்டு முதற் பதினொன்றுவரை உள்ளவற்றை வேறொரு பழகிய பதிகத்தோடு ஒப்புநோக்கினால், நாயனார் பதிகவொழுங்கைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. இசையைப் பொறுத்தமட்டில், யாழ்ப்பாணர் மரபிற் பெண்ணின்வழி வந்த பழைய பண்முறை ஏடுகளில் இப்பதிகம் இல்லாமையால், யாப்பொத்த வேறு பதிகத்தின் பண்ணை ஓதுவார் ஒருவரிடங் கேட்டு அதன்வழிப் பாடுவித்தல் நன்று. மனம்போனபடி சினிமா மெட்டில் இடுதல் ஆகாது.

தலத்தை இக்காலத்தார் திருவிடைவாசல் என்பர். தஞ்சாவூரினின்று திருவாரூர் செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள கொரடாச்சேரிக்கு அணித்தே, காவிரியின் தென்கரைத் தலங்களோடு சேர்த்து எண்ணப்படுவது. சுவாமி பெயர் புண்ணியகோடியப்பர். இடைவாய்நாதர் என்பதும் உண்டு. அம்மை பெயர் அபிராமி. நம் நாட்டிலிருந்து தலயாத்திரை செல்வோர் தஞ்சைப் பெரியகோயிலைத் தரிசித்து நேரே திருவாரூருக்கு விரைவது வழக்கம். கொரடாச்சேரி இடையிலே வருகின்றது. இறங்குவோர் மூன்றாந் திருமுறையை முடிவுவரை உள்ள பதிப்பாகக் கையிற் கொண்டுசெல்க.